ஐம்பத்து நான்காம் எண் யாருடையது

ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான் வைத்திருந்த ஒரு பட்டியல்தான் காரணம். இதை இவ்வளவு நேராகச் சொல்வதற்கு எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. முன்பெல்லாம் யாரிடமாவது சொல்ல நேர்ந்தால், "பட்டியலில் ஒரு சின்னத் தவறு நேர்ந்துவிட்டது" என்பேன். அது தானாக நேரவில்லை. பட்டியலை எழுதியவன் நான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் மருத்துவ, அறிவியல் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது தொழில். நூற்றுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். எல்லோருடைய வேலையும் ஒரே ஒரு சர்வரில் சேமிக்கப்படும். அந்த சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அதில் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிட முடியாது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பெயர் உண்டு, ஐ.பி. முகவரி என்று ஒரு எண்ணும் உண்டு. எந்தப் பெயருக்கு, எந்த எண்ணுக்கு அனுமதி என்பதை வரிவரியாக ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அதில் இருக்கும் மெஷின் உள்ளே போய்ப் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். இல்லாத மெஷினுக்கு வழி கிடையாது. எண்ணின் கடைசிப் பகுதியை மட்டும் வைத்து ஐம்பத்து நான்கு, நூற்றுப் பத்து என்று மெஷின்களைக் குறிப்பிடுவோம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதில் உட்காருகிறவரின் பெயரையும் நான் எழுதி வைத்திருந்தேன்.

புதிதாக அனுமதி வேண்டுமென்றால் டீம் லீடர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஒருவர் ஐ.பி. என்று எழுதிய இடத்தில் தன் மேசை எண் இருக்கும். இன்னொருவர் இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் போகவே முடியாத இடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருப்பார். சிலவற்றைத் திருத்துவேன், சிலவற்றை அப்படியே தட்டிவிட்டுப் போவேன். ஏற்கெனவே உள்ள வரி இன்னும் சரிதானா, அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அந்த எண்தான் வருகிறதா என்று யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை மேலாளரிடம் போய், "சார், ஒரு வாரம் கொடுங்க, லிஸ்ட் முழுக்கச் சரிபார்த்துடறேன்" என்று கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாம் ஓடிட்டுதானே இருக்கு? ஓடறதை எதுக்கு நோண்டறே?" என்றார். நானும் விட்டுவிட்டேன். அவரைக் கேட்டாகிவிட்டது என்பது எனக்கு வசதியாக இருந்தது.

அந்தப் பெண் மேற்கு தாம்பரத்திலிருந்து வருவாள். அவளுடைய அப்பா, அவள் சொல்வதுபோல் அத்தா, அங்கே பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தார். கணிதச் சமன்பாடுகள் நிறைந்த பக்கங்களை அவள் அமைக்கிற வேகத்துக்கு அங்கே ஈடு கிடையாது. மற்றவர்கள் ஒதுக்கித் தள்ளும் அத்தியாயங்கள் அவள் மேசைக்குத்தான் போகும். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள். மெஷின் மக்கர் பண்ணினால் மற்றவர்கள் மாதிரி போனில் கத்தமாட்டாள். மாடியேறி என் அறைக் கதவருகே வந்து நின்று, "அண்ணா, ஃப்ரீயா இருக்கறப்ப வந்து பாக்கறீங்களா?" என்பாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகியிருந்தது. தங்கள் வீட்டிலிருந்து அலுவலக வேலைக்கு வந்த முதல் பெண் தான்தான் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்த வருட ஐப்பசி மழையில் எங்கள் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடம் அது. அந்தப் பக்கத்தில் பாதிக் கட்டடங்கள் அப்படித்தான். கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று நாங்கள் கம்ப்யூட்டர்களைத் தூக்கி முதல் மாடியில் கிடைத்த இடத்தில் வைத்தோம். அவள் மெஷின் புதியது, பெரிய திரை உள்ளது. அதைப் பார்த்த ஒரு டீம் லீடர் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டார். அவர் மேலாளரோடு ஒரே காரில் வந்து போகிறவர். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு பழைய மெஷினைக் கொடுத்து, அதற்கு நூற்றுப் பதினேழு என்று எண் போட்டேன். பட்டியலில் அந்த எண்ணைச் சேர்த்தேன். ஆனால் ஐம்பத்து நான்குக்குப் பக்கத்தில் இருந்த அவள் பெயரை எடுக்கவில்லை. மழை விட்டதும் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். மழை விட்டது. நான் செய்யவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, இதய நோய்கள் பற்றிய ஒரு புத்தகத்தின் முழு ஃபோல்டரும் சர்வரில் காணாமல் போயிருந்தது. அறுநூறு சொச்சம் பக்கம். திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டியது. என்னிடம் செவ்வாய்க்கிழமை எடுத்த பேக்கப் இருந்தது. அதிலிருந்து எடுத்துவைத்தேன். போனது ஒரு நாள் வேலை மட்டும்தான். ஆறு பேர் சேர்ந்தால் மறுநாளே முடித்துவிடக்கூடியது. ஆனால் மேலாளருக்கு அது போதவில்லை. வெளிநாட்டுப் பதிப்பகத்திடம் காரணம் காட்ட அவருக்கு ஒரு ஆள் வேண்டும்.

"யாரு அழிச்சதுன்னு பாரு" என்றார்.

சர்வர் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தது: முந்தைய நாள் மாலை நாலே முக்காலுக்கு, ஐம்பத்து நான்காம் எண்ணிலிருந்து. நான் பட்டியலைத் திறந்து ஐம்பத்து நான்குக்கு எதிரே என்ன பெயர் என்று பார்த்தேன். அவள் பெயர் இருந்தது. எனக்கே ஆச்சரியம். ஆனாலும் குறிப்பேடு, பட்டியல் இரண்டையும் அச்சடித்து மேலாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அந்த மழையில் நானே அவளுக்கு வேறு எண் போட்டது அந்த நேரத்தில் என் மண்டையில் உதிக்கவில்லை. இதை யாரும் நம்பவேண்டியதில்லை. நானே சில சமயம் நம்புவதில்லை.

அவளைக் கூப்பிட்டார்கள். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

"உன் மெஷின்லேந்துதான் டெலீட் ஆயிருக்கு. ரெக்கார்ட் இருக்கு" என்றார் மேலாளர்.

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், நேத்து சாயங்காலம் நான் பழைய ஃபைல் ரெண்டு மூணு க்ளீன் பண்ணேன் சார். டெய்லி பண்றதுதான். ஆனா அந்த ஃபோல்டர நான் தொடவே இல்ல."

"க்ளீன் பண்ணேன்னு நீயே சொல்றே."

"அது என் டெம்பரரி ஃபைல் சார்."

"சாயங்காலம் அழிச்சேன்னு ஒத்துக்கறே. உன் மெஷின்லேந்துன்னு சர்வர் சொல்லுது. இன்னும் என்ன வேணும்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நல்லா பாத்தீங்களா?"

"லிஸ்ட்ல அப்படித்தான்மா இருக்கு" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். "ஒரு அரை மணி நேரம் கொடுங்க, இன்னொரு தடவை பாத்துடறேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் அழித்த கோப்புகள் எவை என்று பார்க்கலாம் என்று அவள் மெஷினில் உட்கார்ந்தேன். எண்ணைக் கேட்டு ஒரு கட்டளை தட்டினேன். நூற்றுப் பதினேழு என்று வந்தது. தண்ணீரில் நின்றுகொண்டு கேபிள் பிடுங்கிய அந்த நாள் முழுவதும் ஒரே நொடியில் கண்முன் வந்தது. எழுந்து போய் ஒவ்வொரு மேசையாகப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு அந்த டீம் லீடரின் காலடியில் இருந்தது. அவரிடம் எதையும் கேட்கக்கூடத் தேவைப்படவில்லை. நான் குனிந்து பின்பக்கத்தில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்ப்பதைக் கண்டதும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இன்னா மச்சான், இன்னா பாக்கறே?" என்றார்.

"இந்த மெஷின் எண் பாக்கறேன்."

அவர் என் தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தணிந்த குரலில், "இடம் பத்தல, பழைய வெர்ஷன்னு நெனச்சி தூக்கிட்டேன். இப்ப எனக்கு ரெண்டு புள்ள கீது. அவ இன்னா, நாளைக்கே கல்யாணம் ஆகிப் பூடுவா. வுடு மச்சான்" என்றார். டீக்கு அவரே சில்லறை எடுத்துக் கொடுத்தார். நான் அந்த டீயைக் குடித்தேன்.

இருந்தாலும் மேலாளரிடம் போனேன். அந்த அளவுக்கு என்னிடம் ஏதோ இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"அப்போ உன் லிஸ்ட் தப்பு."

"ஆமா சார்."

"மூணு மாசமா தப்பு."

"ஆமா சார்."

"சரி. எழுதிக் கொடு. அட்மின் லிஸ்ட்டை அப்டேட் பண்ணல, அதனால தப்பான ஆளைக் காமிச்சிட்டான்னு உன் கையெழுத்துல எழுதிக் கொடு. க்ளையன்ட்டுக்கு அதையே அனுப்பறேன். யாராவது ஒருத்தர் போகணும். நீயா, அவளா, நீயே முடிவு பண்ணு."

டீம் லீடர் போவது என்பது அவர் பேச்சிலேயே இல்லை. நான் வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். தாளை எடுத்தேன். தேதி போட்டேன். எனக்கு அப்போது பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. வீட்டில் நோயாளி இல்லை, என்னை நம்பி யாரும் பசியில் இல்லை. இன்னொரு வேலை இரண்டு மாதத்தில் கிடைத்திருக்கும். எனக்கு இருந்தது வெறும் பயம். தேதியோடு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

சனிக்கிழமை அவள் போனாள். ராஜினாமா என்றுதான் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அவளுடைய கோப்பில் கவனக்குறைவால் சேதம் என்று ஒரு வரி ஏறியது. அடையாள அட்டையை என்னிடம்தான் ஒப்படைக்க வேண்டும். மேசைமேல் வைத்துவிட்டு, "என்னால உங்களுக்கும் பேஜார் அண்ணா, சாரி" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

அதற்கடுத்த வாரம் மேலாளர் நான் முன்பு கேட்ட அந்த ஒரு வாரத்தைத் தானாகவே கொடுத்தார். நான் ஒரு நிரல் எழுதினேன். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடுத்து அதற்கு என்ன எண் என்று நெட்வொர்க்கிடம் கேட்கும். வருகிற எண்ணை வைத்துத் திருப்பி, இந்த எண் யாருடையது என்று கேட்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்த வரி உள்ளே போகும். எண் எல்லை மீறியிருந்தாலோ, பெயரில் கூடாத எழுத்து இருந்தாலோ, ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்தாலோ நிராகரித்துவிடும். முதல்முறை ஓட்டியபோது பாதிக்கு மேற்பட்ட வரிகள் தேறவில்லை. இல்லாத மெஷின்களுக்கெல்லாம் அனுமதி கொடுத்து வைத்திருந்தேன். எழுதி முடிக்க நாலு நாள்கூட ஆகவில்லை.

வெளிநாட்டிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள் அதைப் பாராட்டினார்கள். மேலாளர் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்து எல்லோர் முன்னாலும் கைகுலுக்கினார். அந்த டீம் லீடரும் கை தட்டினார். அம்மா அதைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினாள். பல நாள் அதன் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

ஏறக்குறைய இரண்டு வருடம் போயிற்று. காட்டாங்குளத்தூரில் கல்லூரிக்குப் பக்கத்தில் என் அத்தை பையனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் செய்ய ஒரு டி.டி.பி. கடைக்குப் போனேன். மாணவர்கள் கூட்டம் கவுண்டரை மொய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே தட்டிக்கொண்டிருந்தவள் அவள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அண்ணா! வாங்க வாங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அந்த வரவேற்புதான் எனக்குத் தாங்கவில்லை.

கூட்டம் குறையும்வரை அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கோப்பையும் மூன்று இடத்தில் சேமித்தாள். எதையாவது அழிக்க வேண்டியிருந்தால் மாணவனைக் கூப்பிட்டு, "நீயே பாத்து நீயே அழிச்சிடு தம்பி" என்று மவுஸை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஏன்மா இப்படி?" என்றேன்.

அவள் சிரித்தாள். "அன்னைக்கு நான் எப்படி அமுக்கினேன்னு எனக்கு இன்னும் தெரியலண்ணா. எத்தனையோ தடவ யோசிச்சிட்டேன். தொடலன்னுதான் ஞாபகம். ஆனா ரெக்கார்ட் பொய் சொல்லாதில்ல? அதுலேந்து எனக்கு என் கை மேலயே நம்பிக்கை இல்ல."

அவள் அதை நம்பியிருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. யாரோ தன்னை மாட்டிவிட்டார்கள் என்று எங்களைத் திட்டிக்கொண்டிருப்பாள், அது அவளுக்கு ஒரு பலமாக இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

அங்கேயே சொல்லிவிட்டேன். மழை, மெஷின், எண், டீம் லீடர், மேலாளர், நான் கிழித்த தாள். நான் முடித்ததும் அவள் கேட்டாள்: "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு மத்தியானமே."

"நான் கார்டு கொடுத்து சாரி சொன்னப்ப?"

"தெரியும்."

வெளியே ஒரு மாணவன், "அக்கா, என் பிரிண்ட் அவுட்?" என்றான். அவள் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். உட்காரவில்லை.

"எங்க அத்தாகிட்ட வந்து இதச் சொல்லுங்க" என்றாள். அண்ணா என்ற சொல் அதில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேற்கு தாம்பரத்தில் அந்தக் கடைக்குப் போனேன். அவள் அத்தா நீல நிறத் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல வெட்டிக்கொண்டேயிருந்தார். பாதியில் கத்தரிக்கோல் நின்றது.

"ரெண்டு வருசமா நான் எங்க சொந்தக்காரங்ககிட்டல்லாம் இன்னா சொல்லிகினு கீறேன் தெரியுமா சார்? எம் பொண்ணு கொஞ்சம் அசால்ட்டு, அதான் வேல பூட்சின்னு. நானே சொன்னேன். பெத்தவன் நானே."

கத்தரிக்கோலைத் துணிமேல் வைத்தார்.

"மன்னிப்புலாம் எனக்கு வேணாம். கம்பெனி பேப்பர்ல எழுதி வாங்கிக் குடு. அவ தப்பு இல்லன்னு. அது போதும்."

மறுநாள் மேலாளரிடம் கேட்டேன். "முடிஞ்சுபோன ஃபைலை எதுக்குத் திறக்கறே? உனக்கு என்ன வேணும், இன்க்ரிமென்ட்டா?" என்றார். கம்பெனித் தாள் கிடைக்காது என்று தெரிந்ததும், வெள்ளைத் தாளில் நடந்ததெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, என் போன் நம்பரும் கொடுத்து அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் எழுதவேண்டிய அதே கடிதம். அப்போது எழுதியிருந்தால் அதற்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

சில மாதம் கழித்து அவளே போன் செய்தாள். பெருங்குடிப் பக்கம் ஒரு பெரிய பதிப்பு நிறுவனத்தில் தேர்வெல்லாம் முடித்து, கடைசிச் சுற்றுவரை போயிருக்கிறாள்.

"நம்ம பழைய ஆபீசுக்குப் போன் பண்ணி விசாரிச்சாங்களாம். கவனக்குறைவுன்னு சொல்லிட்டாங்க. நான் உங்க லெட்டரக் காமிச்சேன்."

"என்ன சொன்னாங்க?"

"இவர் யாருன்னு கேட்டாங்க."

நானே அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். கம்பெனி சொல்வதை மட்டும்தான் எடுத்துக்கொள்வோம், தனிநபர் சொல்வதைச் சரிபார்க்க எங்களுக்கு வழியில்லை என்றாள். நான் அந்தக் கம்பெனியில்தான் இன்னும் வேலை செய்கிறேன் என்றேன். "அப்படின்னா உங்க ஆபீஸ் மூலமா அனுப்பச் சொல்லுங்க சார்" என்று வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு, என்னால் வேலை இழந்த அந்தப் பெண் என் போனை எடுப்பதில்லை. கடைப்பக்கம் ஒருமுறை போனபோது உள்ளேயிருந்து வேறொரு பெண்ணை அனுப்பி என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னாள். ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வந்தேன். பின்னால் அந்தக் கடையை அவளே எடுத்து நடத்துவதாகவும், பக்கத்திலேயே இன்னொரு கடையும் போட்டிருப்பதாகவும் அத்தை பையன் சொன்னான். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அதில் என் பங்கு எதுவும் இல்லை. சமன்பாடுகள் நிறைந்த அந்தக் கடினமான பக்கங்களை அவள் மறுபடி அமைத்தாளா என்று எனக்குத் தெரியாது.

மறுவருடம் நானும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்துக்கு மாறினேன். அவர்களும் வழக்கப்படி என் பழைய அலுவலகத்தில் விசாரித்தார்கள். மேலாளர் என்னைப் பற்றி மிக நல்லவிதமாகச் சொன்னாராம். பொறுப்பானவன், பதிவேடுகளைத் துல்லியமாக வைத்திருப்பவன் என்று. ஒரு வாரத்துக்குள் வேலைக்கான கடிதம் வந்துவிட்டது.